12 வாரம், 0.9 புள்ளி: மறதி நோயின் தொடக்கத்தில் குழுக் கல்வியின் கணக்கு

இங்கிலாந்தில் 13 இடங்களில் 480 பேர். எல்லோருக்கும் டிமென்ஷியா என்னும் முதுமை மறதி நோய் தொடக்க நிலையில் இருந்தது. 2016 நவம்பர் முதல் 2018 ஆகஸ்ட் வரை இவர்கள் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். குலுக்கல் முறையில் 241 பேர் குழு வகுப்புக்கும் 239 பேர் வழக்கமான கவனிப்புக்கும் பிரிக்கப்பட்டார்கள். 'ஜர்னியிங் த்ரூ டிமென்ஷியா' என்ற அந்த வகுப்பில் வாரத்துக்கு ஒன்றாக 12 குழு அமர்வுகள், தனியாக 4 சந்திப்புகள், மொத்தம் 16. எட்டு மாதம் கழித்து வாழ்க்கைத் தரத்தை அளந்தார்கள். அளவுகோல் 28 புள்ளியில் தொடங்கி 112 வரை போகும். வகுப்புக்கு ஒதுக்கப்பட்டவர்களின் சராசரி 93.3, மற்றவர்களின் சராசரி 91.9. தொடக்க நிலை வேறுபாடுகளைச் சரிசெய்தபின் மிஞ்சிய வித்தியாசம் 0.9 புள்ளி.

பொருட்படுத்தத்தக்க மாற்றத்துக்கு ஆய்வாளர்கள் வைத்திருந்த எல்லை 4 புள்ளி. கிடைத்த 0.9 அதில் கால் பங்குக்கும் குறைவு. 95% நம்பக எல்லை மைனஸ் 1.2 முதல் 3.0 வரை, அதன் மேல் முனைகூட 4-ஐத் தொடவில்லை. அளந்த வகையில் இந்த வகுப்பு வாழ்க்கைத் தரத்தை உயர்த்தியதாகச் சொல்ல இடமில்லை. முடிவு 2022-இல் 'லான்செட்' குழும இதழில் வெளியானது. குழுக் கல்வி வேண்டும் என்று நினைப்பவர் முதலில் எதிர்கொள்ள வேண்டிய எண் இதுதான். நானும் அப்படி நினைப்பவன் என்பதால் கணக்கை இங்கிருந்தே தொடங்குகிறேன்.

மற்ற ஆய்வுகள்

சியாட்டிலில் 142 இணைகள். ஓர் இணை என்பது நோயுள்ள ஒருவரும் அவரைக் கவனிக்கும் ஒருவரும். 96 இணைகள் உடனே குழுவில் சேர்ந்தன, 46 இணைகள் காத்திருப்புப் பட்டியலில் இருந்தன. 90 நிமிட அமர்வு 9, ஆக 13.5 மணி நேரம். 2010-இல் வெளியான முடிவின்படி, குழுவில் இருந்தவர்களின் வாழ்க்கைத் தர மதிப்பெண் காத்திருந்தவர்களைவிட மேலாக இருந்தது. மனச்சோர்வு குறைந்தது, குடும்பத்துக்குள் பேச்சு மேம்பட்டது. மூன்றும் புள்ளியியல் சோதனையில் தேறியவை. ஆனால் பங்கேற்றவர்களின் எண்ணிக்கை இங்கிலாந்து ஆய்வில் இருந்ததில் 30%-க்கும் குறைவு.

வட வேல்ஸில் 24 பேர் மட்டுமே. 13 பேர் குழுவில், 11 பேர் வெளியே. 8 வாரம், வாரம் 90 நிமிடம், மொத்தம் 12 மணி நேரம். நோயைத் தாமே சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கையை அளந்தபோது, மூன்றாம் மாதம் விளைவின் அளவு 0.35, ஆறாம் மாதம் 0.23. இந்த அளவையில் 0.2 சிறியது, 0.5 நடுத்தரம். பலன் தொடக்கத்திலேயே சிறியது. மூன்று மாதத்தில் அதிலும் மூன்றில் ஒரு பங்கு கரைந்தது. 24 பேரை வைத்து இதற்குமேல் எதையும் நிறுவ முடியாது.

ஹெல்சின்கியில் 136 தம்பதிகள். வாரம் 4 மணி நேரம், 8 வாரம், ஆக 32 மணி நேரம். நான்கு ஆய்வுகளில் குழு நேரம் மிகுந்தது இதுவே. குழுவுக்குச் சுமார் 10 பேர். நோயுள்ளவர்கள் ஓர் அறையில், துணைவர்கள் வேறோர் அறையில். மூன்றாம் மாதத்தில் துணைவர்களின் உடல்நலம் சார்ந்த வாழ்க்கைத் தரம் மேலாக இருந்தது. ஒன்பதாம் மாதத்தில் நோயுள்ளவர்கள் சொற்களைச் சரளமாகச் சொல்லும் சோதனையிலும் கடிகாரம் வரையும் சோதனையிலும் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். மொத்தச் செலவு கூடவில்லை.

நான்கையும் கூட்டினால் நோயுள்ளவர்கள் 782 பேர். சாதகமான மூன்று ஆய்வுகளில் 302 பேர், சாதகமற்ற ஒன்றில் 480 பேர். எடைபோட்டால் தட்டு ஐயத்தின் பக்கமே சாய்கிறது. ஆனாலும் இரண்டு குறிப்புகள். ஒன்று, நான்கிலும் அளந்தவை ஒரே பொருள் அல்ல. இரண்டு, நான்கும் பணக்கார நாடுகளில் நடந்தவை. அங்கே 'வழக்கமான கவனிப்பு' என்பதில் நினைவாற்றல் சிகிச்சை மையம், செவிலியர், சமூகப் பணியாளர் என ஓரளவு உதவி ஏற்கெனவே அடங்கியிருக்கும். அந்த உதவிக்கு மேல் 0.9 புள்ளி கிடைத்தது. அந்த உதவியே இல்லாத இடத்தில் எவ்வளவு கிடைக்கும் என்பது தனிக் கேள்வி.

யாருக்கு எதைச் சொல்வது

2024-ஆம் ஆண்டு உலக அல்சைமர் அறிக்கை 166 நாடுகளில் 40,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேட்டு எழுதப்பட்டது. டிமென்ஷியா முதுமையின் இயல்பான பகுதி என்று தவறாக நம்பிய பொதுமக்கள் 80%. 2019-இல் இது 66%. ஐந்தாண்டில் 14 புள்ளி ஏறியிருக்கிறது. நலத்துறைப் பணியாளர்களிடையே அதே நம்பிக்கை 62%-இலிருந்து 65% ஆனது. "வயசானா மறதி வரத்தான் செய்யும்" என்று வீட்டார் சொல்கிறார்கள். மருத்துவமனையில் மூவரில் இருவரும் அதையே சொன்னால், நோய் தொடங்கியவருக்கு உண்மையைச் சொல்ல யாரும் மிஞ்சவில்லை.

ஆகவே குழு வகுப்பின் முதல் பாடம் நோயின் பெயர். மறதி நோய்களில் 60 முதல் 70% வரை அல்சைமர் வகை. அடுத்த பாடங்கள் அன்றாடத்தைச் சார்ந்தவை: நாட்காட்டி, குறிப்பேடு, வேளைக்கு ஓர் அறை கொண்ட மாத்திரைப் பெட்டி, நடைப்பயிற்சி, வங்கிக் கணக்கில் நியமனதாரர், உயில். இவற்றுள் சிலவற்றுக்குக் காலவரம்பு உண்டு. இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, தமக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கவும், தம் சார்பில் பேச ஒருவரை நியமிக்கவும் உரிமை தருகிறது. முடிவெடுக்கும் ஆற்றல் இருக்கும்போது எழுதினால்தான் அது செல்லும். தொடக்க நிலையில் சொல்லப்படாத சட்டம், பிந்தைய நிலையில் அவருக்கு இல்லாத சட்டம்.

உடல்நலப் பாடத்துக்கும் எண் இருக்கிறது. லான்செட் ஆணையம் 2017-இல் 9 காரணிகளைச் சொல்லி, 35% டிமென்ஷியாவைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்றது. 2020-இல் 12 காரணிகள், 40%. 2024-இல் 14 காரணிகள், 45%. கடைசிப் பட்டியலில் கேள்திறன் குறைவுக்கு 7%, கெட்ட கொழுப்புக்கு 7%, தனிமைக்கு 5%, பார்வைக் குறைவுக்கு 2%. இவை நோய் வருமுன் தடுப்பதற்கான கணக்கு. நோய் வந்தவரிடம் இதே விகிதத்தில் பலன் வரும் என்று கொள்ளக் கூடாது. ஆனால் காது கேளாதவர் வகுப்பைப் பின்தொடர முடியாது. கண்ணாடி இல்லாதவர் நாட்காட்டியைப் படிக்க முடியாது. முதல் அமர்வுக்கு முன் காதையும் கண்ணையும் சோதிக்க வேண்டும் என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

உலகச் சுகாதார அமைப்பின் 2017–2025 செயல்திட்டம் 7 துறைகளைக் கொண்டது. அதில் பயிற்சிக்கான இலக்கு ஒன்று: 75% நாடுகள் பராமரிப்பவர்களுக்கும் குடும்பத்துக்கும் ஆதரவும் பயிற்சியும் தர வேண்டும். இலக்கு சரியானதே. ஆனால் நோயுள்ளவருக்கே கல்வி தருவதற்கு அப்படி ஒரு சதவீதம் வைக்கப்படவில்லை. எண் வைக்கப்படாத வேலைக்கு நிதி ஒதுக்குவதும் கடினம்.

நேரத்தின் கணக்கு

2019-இல் உலகில் 5.52 கோடிப் பேருக்கு டிமென்ஷியா இருந்தது. அவர்களுக்கான செலவு 1.3 லட்சம் கோடி அமெரிக்க டாலர். அதில் மருத்துவச் செலவு 16%, சமூகப் பராமரிப்பு 34%, வீட்டார் ஊதியமின்றிச் செய்யும் வேலையின் மதிப்பு 50%. நோயாளிகளில் 61% பேர் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் வாழ்கிறார்கள். செலவில் 74% உயர் வருமான நாடுகளில் நடக்கிறது. வகுத்துப் பார்த்தால், உயர் வருமான நாட்டில் ஒருவருக்கு ஆகும் செலவு மற்ற நாட்டில் ஒருவருக்கு ஆவதைப்போல் சுமார் 4.5 மடங்கு.

வீட்டார் தரும் நேரம் சராசரியாக நாளுக்கு 5 மணி என்று உலகச் சுகாதார அமைப்பு கணக்கிடுகிறது. ஆண்டுக்கு 1,825 மணி. பராமரிப்பு நேரத்தில் 70% பெண்கள் தருவது. இதன் அருகில் வேல்ஸின் 12 மணி நேரத்தை வையுங்கள்: 0.66%. ஹெல்சின்கியின் 32 மணி நேரம் 1.75%. ஆண்டில் ஒரு சதவீத அளவு நேரம் நடக்கும் வகுப்பு, மீதி 99% நேரத்தை மாற்றிவிடும் என்று எதிர்பார்த்தது மிகை. 0.9 புள்ளியை வாசிக்கும்போது இந்த விகிதத்தையும் சேர்த்து வாசிப்பது நியாயம்.

அளவு கூடினால் பலன் கூடுமா? அறிவுத் தூண்டல் குழுச் சிகிச்சையின் 2003-ஆம் ஆண்டு ஆய்வு வேறு வகையைச் சேர்ந்தது. அங்கே பாடம் இல்லை, உரையாடலும் பயிற்சியும்தான். 201 பேர், 23 மையங்கள். 45 நிமிட அமர்வு, வாரம் இரண்டாக 7 வாரம், 14 அமர்வு, மொத்தம் 10.5 மணி நேரம். 6 பேருக்குச் சிகிச்சை தந்தால் ஒருவர் கூடுதலாகப் பலன் பெற்றார். இங்கே மணி நேரம் குறைவு, பலன் தெளிவு. எனவே மணிக்கணக்கு மட்டும் விடையல்ல. வாரத்துக்கு ஒருமுறையா இருமுறையா என்பதும், உட்கார்ந்து கேட்பதா சேர்ந்து செய்வதா என்பதும் கணக்கில் வரலாம். இந்தச் சிகிச்சை தமிழுக்கு ஏற்ப மாற்றப்பட்டு, சென்னையில் ஸ்கார்ஃப் என்னும் மனநல நிறுவனத்தில் நடத்திப் பார்க்கப்பட்டது. பின்னர் இந்தியா, பிரேசில், தான்சானியா ஆகிய 3 நாடுகளில் அதை நடைமுறைப்படுத்தும் திட்டத்திலும் சென்னை இடம்பெற்றது.

இந்தியாவின் எண்கள்

சென்னைக்கும் வேலூருக்கும் இந்தத் துறையில் பழைய தொடர்பு உண்டு. '10/66' என்ற ஆய்வுக் குழுவின் பெயரே ஒரு புள்ளிவிவரம்: நோயாளிகளில் 66% பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10%-க்கும் குறைவே அவர்களைப் பற்றியது. அக்குழுவின் இந்தியக் களங்கள் சென்னை நகரமும் வேலூர் கிராமப்புறமும். 2008-இல் வந்த அதன் முடிவில், அமெரிக்க மனநல வரையறையை அப்படியே கொண்டு அளந்தபோது இந்தியக் கிராமப்புறத்தில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களில் 0.3% பேருக்கே டிமென்ஷியா தென்பட்டது, கியூபாவில் 6.3%. குழு தானே வடிவமைத்த முறையில் அளந்தபோது எந்த நாட்டுக் களத்திலும் விகிதம் 5.6%-க்குக் கீழே போகவில்லை. 0.3%-க்கும் 5.6%-க்கும் நடுவே இருக்கும் இடைவெளியில் இருப்பவர்கள் நோயாளிகளாகவே எண்ணப்படாதவர்கள். பெரியவர் கணக்குவழக்குப் பார்க்க வேண்டாம், சமைக்க வேண்டாம் என்று வீடு விட்டுக்கொடுக்கும்போது, அவரால் முடியவில்லை என்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு, 60 வயது கடந்த இந்தியர்களில் 7.4% பேருக்கு, அதாவது 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா இருப்பதாகக் கணித்தது. பெண்களில் 9.0%, ஆண்களில் 5.8%. கிராமத்தில் 8.4%, நகரத்தில் 5.3%. 2010-ஆம் ஆண்டு இந்திய டிமென்ஷியா அறிக்கையின் எண்ணிக்கை 37 லட்சம். இரண்டும் வெவ்வேறு முறையில் எடுக்கப்பட்டவை. 13 ஆண்டில் நோய் 2.4 மடங்கானது என்று இதைப் படிக்கக் கூடாது. முன்பு குறைவாக எண்ணினோம் என்பதும் அதில் கலந்திருக்கிறது.

இதனுடன் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பைச் சேர்க்க வேண்டும். 60 வயது கடந்தவர்களில் எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள் 44%. ஆண்கள் 59%, பெண்கள் 28%. நோய் மிகுந்திருக்கும் பாலினத்தில்தான் எழுத்தறிவு மிகக் குறைவு. கையேடு அச்சிட்டுக் கொடுத்தால் நான்கு மூதாட்டிகளில் மூவருக்கு அது தாள்தான். வட்டமாக உட்கார்ந்து பேசுவதும், படம் காட்டுவதும், பொருளைக் கையில் கொடுத்துச் செய்துகாட்டுவதும் இங்கே வசதிக்காக அல்ல. கல்வி போய்ச்சேர அதுதான் வழி.

இணையவழிக்கும் ஓர் எண் இருக்கிறது. உலகச் சுகாதார அமைப்பின் 'ஐசப்போர்ட்' இணையப் பயிற்சி பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் வழியாக இந்தியாவில் சோதிக்கப்பட்டது. பராமரிப்பவர்கள் 151 பேர் சேர்ந்தார்கள். கடைசிவரை ஆய்வில் இருந்தவர்கள் 55 பேர், 36%. இவர்கள் நோயுள்ளவர்கள் அல்லர். ஆகவே குழு வகுப்போடு நேராக ஒப்பிட முடியாது. திரை இருந்தால் வகுப்பறை தேவையில்லை என்ற வாதத்துக்கு மட்டும் இது எச்சரிக்கை.

கோவாவில் வீடுதேடிச் சென்ற ஆலோசகர்களைக் கொண்டு நடந்து 2008-இல் வெளியான ஆய்வில் 81 குடும்பங்கள். பராமரிப்பவரின் மன நெருக்கடி மதிப்பெண் 1.12 புள்ளி குறைந்தது. ஆலோசகர்கள் மருத்துவர்கள் அல்லர், உள்ளூரில் பயிற்சி பெற்றவர்கள். ஆனால் என்னை நிறுத்தியது வேறோர் எண். நோய் தொடக்க நிலையிலோ நடுத்தர நிலையிலோ இருந்தவர்களையே சேர்த்தும், ஆய்வுக் காலத்திலேயே 18 பேர் இறந்தார்கள், 22%. அவர்களின் வயதும் பிற நோய்களும் காரணமாக இருக்கலாம். ஆய்வு தொடங்கியபோது ஐந்தில் ஒருவருக்கு மிஞ்சியிருந்தது சில மாதங்களே என்பது மாறாது.

தமிழ்நாட்டுக்கு ஒரு பெருக்கல்

இனி வருவது ஆய்வு முடிவு அல்ல, அனுமானங்களைச் சொல்லிச் செய்யும் கணக்கு. 2021-இல் தமிழ்நாட்டில் 60 வயது கடந்தவர்கள் 13.6% என்பது அரசின் கணிப்பு; 2031-இல் 18.2%. 2021-இன் மக்கள்தொகையை 7.64 கோடி என்று கொண்டால் மூத்தோர் 1.04 கோடி. தேசிய விகிதமான 7.4%-ஐப் பொருத்தினால் 7.69 லட்சம் பேர். உலகில் டிமென்ஷியா உள்ளவர்களில் 75% பேருக்கு நோய் கண்டறியப்படவே இல்லை என்பதும், சில வளரும் நாடுகளில் இது 90% வரை போகிறது என்பதும் 2021-ஆம் ஆண்டு உலக அல்சைமர் அறிக்கையின் கணிப்பு. மோசமான நிலையையே எடுத்துக்கொள்வோம்: கண்டறியப்பட்டவர்கள் 10%, சுமார் 76,900 பேர். இவர்களில் கால் பங்கினர் தொடக்க நிலையில் இருந்து வகுப்புக்கும் வர இசைந்தால் 19,225 பேர்.

குழுவுக்கு 10 பேர் என்றால் 1,923 குழுக்கள். குழுவை இருவர் நடத்தட்டும். ஒரு தொடர் 12 வாரம். வாரம் ஒரு குழு என்ற வேகத்தில் ஓர் இணை ஆண்டில் 4 குழுக்களை முடிக்கும். தேவை 481 இணைகள். மாவட்டங்கள் 38. மாவட்டத்துக்கு 13 இணைகள் போதும், 26 பேர். இது எட்டாத எண்ணிக்கை அல்ல.

செலவு: ஓர் அமர்வு 2 மணி நேரம், 12 அமர்வு, 2 பேர், ஆக 48 பணி மணி நேரம். மணிக்கு 300 ரூபாய் என்று வைத்தால் குழுவுக்கு 14,400 ரூபாய், ஒருவருக்கு 1,440 ரூபாய். ஒருவருக்குச் செலவாகும் பணி நேரம் 4.8 மணி. அதே 12 பாடத்தைத் தனித்தனியாக, பாடத்துக்கு 1 மணி நேரம் என்று சொன்னால் 12 மணி ஆகும். குழுவில் நேரம் 60% மிச்சம். 19,225 பேருக்கும் சேர்த்து ஆண்டுக்கு 2.77 கோடி ரூபாய். மாநிலத்தின் மூத்தோர் எண்ணிக்கையால் வகுத்தால் தலைக்கு 2 ரூபாய் 66 காசு.

குடும்பத்தின் கணக்கு இதைவிடப் பெரியது. வகுப்புக்குப் போக வர 200 ரூபாய் என்றால் 12 முறைக்கு 2,400 ரூபாய். கூட வருபவருக்கு ஒவ்வொரு முறையும் அரை நாள் கூலி போகும். நாள் கூலி 500 ரூபாய் என்றால் 6 நாளுக்கு 3,000 ரூபாய். கற்பிக்கும் செலவான 1,440 ரூபாயையும் சேர்த்து மூன்றையும் கூட்டினால் ஒருவருக்கு 6,840 ரூபாய். அதில் கற்பிக்கும் செலவு 21%, வந்துபோகும் செலவும் இழந்த கூலியும் 79%. அரசு வகுப்பை இலவசமாக்கினாலும் குடும்பத்தின் சுமையில் ஐந்தில் நான்கு பங்கு அப்படியே நிற்கும். 2010 இந்திய டிமென்ஷியா அறிக்கையின்படி நோய் உள்ள ஒருவருக்கான ஆண்டுச் செலவு அன்றைய விலையில் 43,285 ரூபாய். அதைச் சுமக்கும் வீட்டிடம் இன்னும் 5,400 ரூபாய் கேட்கலாகாது. ஆகவே முடிவு செய்ய வேண்டிய முதல் விஷயம் இடம். மாவட்டத் தலைமை மருத்துவமனையில் நடத்தினால் ஒரு கணக்கு. நடந்து போகும் தூரத்தில் இருக்கும் ஆரம்பச் சுகாதார நிலையத்திலோ ஊர்ச் சமுதாயக் கூடத்திலோ நடத்தினால் வேறு கணக்கு.

வரவும் செலவும்

செலவுப் பக்கம்: ஒருவருக்கு 4.8 பணி மணி நேரம், 1,440 ரூபாய். வகுப்பு தொலைவில் இருந்தால் குடும்பத்துக்கு மேலும் 5,400 ரூபாய். வரவுப் பக்கம்: வாழ்க்கைத் தரத்தில் பெரிய ஆய்வின்படி 0.9 புள்ளி, அதுவும் உறுதியற்றது. சிறிய ஆய்வுகளின்படி மனச்சோர்வு, வீட்டுப் பேச்சு, தன்னம்பிக்கை ஆகியவற்றில் சிறு முன்னேற்றம். நோயின் பெயரை அறிவதற்கும், உயிலைத் தம் கையால் எழுதுவதற்கும் இந்த அளவுகோல்களில் புள்ளி இல்லை. குழுக் கல்வி நோயைக் குறைக்கும் என்று யாரும் விளம்பரம் செய்யக் கூடாது. இங்கே தொடங்கும் எந்த வகுப்பும் முதல் நாளிலிருந்தே அளக்கப்பட வேண்டும். 4 புள்ளி வராவிட்டால் அதையும் வெளியிட வேண்டும்.

இங்கிலாந்து ஆய்வின் இன்னோர் எண் பாக்கி இருக்கிறது. வகுப்புக்கு ஒதுக்கப்பட்ட 241 பேரில் 165 பேர், அதாவது 68%, 16 சந்திப்புகளில் 10-க்கோ அதற்கு மேலோ வந்தார்கள். தேதியும் கிழமையும் நழுவத் தொடங்கிய மனிதர்கள் அவர்கள். அழைத்துவந்தவர்களின் பங்கும் இந்த எண்ணில் உண்டு. அப்படியிருந்தும், பத்து முறை புறப்பட்டு வந்து உட்கார்ந்தவர்கள் 165 பேர். வாழ்க்கைத் தர அளவுகோல் இதைப் பதியவில்லை; வருகைப் பதிவேடு பதிந்திருக்கிறது. நாம் மேலே போட்ட கணக்கில் வர இசைபவர்கள் கால் பங்குதான், 25%. அதற்கான 1,923 குழுக்களில் முதல் குழுவுக்குத் தேவை 10 நாற்காலி, 2 பேர், 12 வாரம்.